மூக்கு ஸ்பிரே மட்டும் போதாது, மூச்சு கொடுக்கவும் பழக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்கரைகளிலும் நீச்சல் குளங்களிலும் பணியாற்றும் உயிர்காப்பாளர்களுக்கும், பூங்காக்களில் ரோந்து சுற்றும் ரேஞ்சர்களுக்கும் போதைப்பொருள் ஓவர்டோஸைக் கையாளும் பயிற்சி தரப்பட வேண்டுமா என்பது பற்றித் தங்கள் வாசகர் பகுதியில் நடந்துவரும் விவாதத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நீரில் மூழ்குபவரைக் காப்பாற்ற நியமிக்கப்பட்டவர்களின் தலையில் இதையும் கட்டுவதா என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். ஓவர்டோஸை முறிக்கும் மருந்தான நலாக்சோனை மூக்கில் தெளிக்கும் ஸ்பிரேயாக ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று இன்னொரு சாரார் எழுதுகிறார்கள். உயிர்காப்பாளர்களுக்கு முதலுதவி கற்பித்து வருபவன் என்ற முறையில், இரு தரப்பாரும் ஒன்றைக் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஓவர்டோஸில் கிடப்பவருக்கு முதலில் தேவைப்படுவது மூச்சு. பொது இடங்களில் வேலை பார்ப்பவர்களிலேயே மூச்சு கொடுக்க மற்ற எவரையும்விட நன்றாகப் பழகியவர் உயிர்காப்பாளர்தான். அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துப் பார்க்காமல் வகுக்கப்படும் எந்தப் பயிற்சியும் கண்துடைப்பாகவே முடியும்.

ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வகை மருந்துகள் அளவுக்கு மீறும்போது மூளைத்தண்டில் சுவாசத்தை இயக்கும் பகுதியை மந்தப்படுத்துகின்றன. உடலில் கரியமில வாயு கூடினால் இயல்பாக எழ வேண்டிய மூச்சுத் தவிப்பு எழுவதில்லை. ஆகவே அந்த மனிதர் திணறாமல், கையைக் காலை உதறாமல், அமைதியாக மூச்சடங்கிக்கொண்டே போகிறார். பெரும்பாலானவர்களுக்கு இதயம் உடனே நின்றுவிடுவதில்லை. ஆக்சிஜன் குறையக் குறைய அது துடித்துக்கொண்டுதான் இருக்கும், தாக்குப்பிடிக்க முடியாத கட்டத்தில்தான் நிற்கும். மூச்சு நின்றதற்கும் இதயம் நிற்பதற்கும் இடைப்பட்ட அந்தச் சில நிமிடங்களுக்குள் யார் பக்கத்தில் இருக்கிறார், அவருக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. மூச்சு முற்றிலும் நின்றுவிட்டால் நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும் என்பதால், ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வந்தாலும் அது இரண்டாவதாக வந்து சேரும் உதவியாகவே இருக்கும்.

நீரில் மூழ்கியவருக்கும் நடப்பது ஏறக்குறைய இதுவேதான்: மூச்சு முதலில் போகிறது, இதயம் பின்னால் நிற்கிறது. பொதுமக்களுக்கான சிபிஆர் (நின்றுபோன இதயத்தையும் மூச்சையும் மீட்கும் முதலுதவி) வகுப்புகளில் 2008-ஆம் ஆண்டுக்குப் பிறகு கைகளால் மார்பை மட்டும் அழுத்தும் முறை பரவலாயிற்று. அமெரிக்க இதயச் சங்கத்தின் 2010-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களும் மூச்சுக்கு முன்னால் மார்பு அழுத்தத்தை வைத்தன. திடீரென்று இதயம் நின்று விழுந்தவருக்கு அது பொருந்தும், ஏனென்றால் அவருடைய இரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இருக்கிறது. நீரில் மூழ்கியவருக்கு அது பொருந்தாது என்பதால், உயிர்காப்பாளர்களுக்கு மட்டும் மூச்சை முதலில் கொடுக்கும் பழைய வரிசையே தொடர்ந்து கற்பிக்கப்பட்டு வருகிறது. வாயால் ஊதும் பாக்கெட் மாஸ்க்கையும், கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் பை பொருத்திய முகமூடியையும் முகத்தில் காற்றுக் கசியாமல் பிடிக்க அவர்கள் பருவந்தோறும் பயிற்சி எடுக்கிறார்கள். தலையைப் பின்னுக்குச் சாய்த்து மோவாயை உயர்த்துவது, ஆறு நொடிக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில் மார்பு எழும்புகிற அளவுக்கு மட்டும் ஊதுவது, வாந்தி வந்தால் ஒருக்களித்துப் புரட்டுவது ஆகியவை அவர்களுக்குக் கைவந்த கலை. ஓவர்டோஸில் உயிரைப் பிடித்து நிறுத்துபவையும் இவைதாம். ஆகவே புதிய சுமை என்று அஞ்சுகிறவர்களுக்கு நான் சொல்வது, சுமையில் பெரும்பகுதியை அவர்கள் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறார்கள் என்பதே.

அவர்களிடம் இல்லாதது, அடையாளம் காணும் பழக்கம். உயிர்காப்பாளரின் கண் நீரைப் பார்க்கப் பழக்கப்பட்டது. மணற்பரப்பு அவருக்கு முதுகுப்புறம். அதிலும் கடற்கரையிலோ பூங்காப் புல்வெளியிலோ ஒருவர் அசையாமல் படுத்துக் கிடப்பது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. அங்கே பாதிப்பேர் படுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு உறங்குபவருக்கும் மூச்சு அடங்கிக்கொண்டிருப்பவருக்கும் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் எந்த வேறுபாடும் இல்லை. ஆழ்ந்த குறட்டை என்று பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகும் சத்தம், நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதை பாதி அடைபட்ட சத்தமாக இருக்கலாம். தொண்டையில் தண்ணீர் கொப்புளிப்பதுபோல் கேட்டால் நிலைமை இன்னும் மோசம் என்று பொருள். அருகில் போய்க் கூப்பிட வேண்டும், தோளை உலுக்க வேண்டும். அதற்கும் அசைவில்லை என்றால் விரல் முட்டிகளால் மார்பெலும்பின் மேல் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். உறங்குபவர் எரிச்சலோடு விழித்துக்கொள்வார். விழிக்காதவரிடத்தில் மூச்சை எண்ண வேண்டும். கண்மணி ஊசிமுனையளவு சுருங்கியிருப்பது ஓர் அறிகுறி. ஆனால் அதற்காகக் காத்திருக்கவோ, அது இல்லையென்று விட்டுவிடவோ கூடாது.

இங்கே பயிற்சிக் கையேடுகள் பலவற்றில் நான் காணும் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். உதடு நீலமாகும் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். நம்மைப் போன்ற மாநிறத்தவரிடமும் கறுத்த நிறத்தவரிடமும் அந்த நீலம் அப்படித் தெரிவதில்லை. தோல் சாம்பல் பூத்ததுபோல் வெளிறும், உதட்டின் உட்புறமும் ஈறும் நகக்கண்ணும்தான் நிறம் மாறிக் காட்டும். கீழுதட்டை விரலால் மடக்கிப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பதற்கு அரை நிமிடம் ஆகும். அதைச் சொல்லிக்கொடுக்காமல், நீலத்தைத் தேடிக்கொண்டிருக்கும்படி இளைஞர்களை அனுப்புவது சரியல்ல.

இன்னொன்று கழிப்பறைகள். பொதுப் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் ஓவர்டோஸ் ஏற்படும் இடங்களில் பூட்டிய கழிப்பறை முக்கியமானது. யாரும் பார்க்கக்கூடாது என்று போகிறவர் அங்கேதான் போவார். கதவு உட்புறமாகத் திறக்கும்படி அமைந்திருந்தால், உள்ளே சரிந்து கிடப்பவரின் உடலே கதவை அடைத்துவிடும். வெளியிலிருந்து தாழ்ப்பாளைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது, கதவைக் கழற்ற முடியுமா, முடியாவிட்டால் மேற்புறமாக ஏறி இறங்க வழி உண்டா என்பதையெல்லாம் சம்பவ நேரத்தில் யோசிக்க முடியாது. பயிற்சியின் ஒரு பகுதியை வகுப்பறையில் நடத்தாமல் அந்தக் கழிப்பறை வாசலிலேயே நடத்த வேண்டும் என்பது என் கருத்து.

இனி நலாக்சோன். 1961-இல் உருவாக்கப்பட்டு, அமெரிக்காவில் 1971-இல் ஒப்புதல் பெற்ற இம்மருந்து நெடுங்காலம் மருத்துவமனை ஊசியாகவே இருந்தது. 1990-களின் நடுப்பகுதியில் சிகாகோவில் போதைப்பொருள் பயன்படுத்துவோரிடையே பணிபுரிந்த தன்னார்வலர்கள் அதை அவர்கள் கையிலேயே கொடுக்கத் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்து 2011-இல் அதை நாடு தழுவிய திட்டமாக்கியது. ஓவர்டோஸை நேரில் காண வாய்ப்புள்ள எவருக்கும் நலாக்சோன் கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இல் பரிந்துரைத்தது. மூக்கில் தெளிக்கும் 4 மில்லிகிராம் ஸ்பிரே 2015-இல் வந்தது. 2023 மார்ச்சில் அமெரிக்காவில் மருந்துச்சீட்டு இல்லாமலேயே வாங்க வழிசெய்யப்பட்டது. மூளையில் ஓபியாய்டு ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்களான ஏற்பிகளிலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்வதுதான் இதன் வேலை. ஓபியாய்டு இல்லாத உடலில் இது குறிப்பிடத்தக்க தீங்கு எதையும் செய்வதில்லை. மதுவோ தூக்கமருந்தோ காரணமாக இருந்தால் பலனும் இல்லை. எனவே சந்தேகம் இருந்தாலும் கொடுத்துவிடலாம் என்ற துணிவு இந்த ஒரு மருந்துக்கு உண்டு.

இருந்தும் அதைக் கொடுப்பதில் கைப்பிழைகள் வரத்தான் செய்கின்றன. ஸ்பிரேக்குள் இருப்பது ஒரே ஒரு முறைக்கான மருந்து. வேலை செய்கிறதா என்று காற்றில் ஒருமுறை அழுத்திப் பார்த்தால் அவ்வளவுதான், மருந்து காலி. வாசனைத் திரவியம் அடித்துப் பழகிய கை அப்படித்தான் அழுத்திப் பார்க்கத் துடிக்கும். உயிர்காப்பாளரின் கை ஈரமாக இருக்கும், சன்ஸ்கிரீன் பூசி வழுக்கும், நடுங்கவும் செய்யும். உறையைக் கிழிப்பதை உலர்ந்த கையால் மட்டும் பழகியவர் மணலில் மண்டியிட்டு அதைச் செய்யத் தடுமாறுவார். நீரிலிருந்து இழுத்து வந்தவர் என்றால் மூக்கிலிருந்து நுரையும் நீரும் வந்துகொண்டிருக்கும். அப்போது மூக்கைத் துடைத்துவிட்டு ஸ்பிரே அடிக்கலாம். ஆனால் அதற்காக ஒரு மூச்சும் தள்ளிப்போகக் கூடாது. ஒருவர் மூச்சு கொடுத்துக்கொண்டிருக்க இன்னொருவர் ஸ்பிரேயை எடுத்து வருவதுதான் முறை. நாடித்துடிப்பே இல்லையென்றால் மார்பு அழுத்தமும் மூச்சும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவியும்தான் முன்னுரிமை பெற வேண்டும் என்பதை 2020-ஆம் ஆண்டின் அமெரிக்க இதயச் சங்க வழிகாட்டுதல்களும் தெளிவாகச் சொல்கின்றன.

ஸ்பிரே அடித்த பிறகு இரண்டு மூன்று நிமிடங்கள் பொறுக்க வேண்டும். சும்மா பொறுப்பதல்ல, மூச்சு கொடுத்துக்கொண்டே பொறுப்பது. பயிற்சி இல்லாதவருக்கு அந்த இரண்டு நிமிடம் இரண்டு மணி நேரமாகத் தோன்றும். பதற்றத்தில் அடுத்தது, அதற்கடுத்தது என்று கையிலுள்ள எல்லாவற்றையும் அடித்துத் தீர்த்துவிடுவார். அதிக மருந்து அதிக நன்மை தரும் என்பது இங்கே பொருந்தவில்லை. நியூயார்க் மாநிலக் காவல்துறையினர் 8 மில்லிகிராம், 4 மில்லிகிராம் ஆகிய இரு வகை ஸ்பிரேக்களையும் பயன்படுத்திய நிகழ்வுகளை ஒப்பிட்டு 2024-இல் வெளியான ஆய்வில், பிழைத்தவர்களின் விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. 8 மில்லிகிராம் பெற்றவர்களிடம் வாந்தி உள்ளிட்ட, போதை திடீரென்று முறிவதால் வரும் விலகல் அறிகுறிகளே கூடுதலாக இருந்தன. போதாக்குறைக்கு, இப்போது சில நாடுகளில் ஃபென்டனிலோடு சைலசின் என்ற கால்நடை மயக்கமருந்தும் கலந்து விற்கப்படுகிறது. அதை நலாக்சோன் முறிப்பதில்லை. ஓபியாய்டு விலகி மூச்சு சீரான பிறகும் அந்த மனிதர் சைலசினின் மயக்கத்தில் கிடக்கலாம். திரைப்படங்களில் காட்டுவதுபோல் திடுக்கென்று எழுந்து உட்கார வேண்டும் என்று எதிர்பார்க்கும் உயிர்காப்பாளர், மூச்சு வந்துவிட்டதைக் கவனிக்காமல் விழிப்பு வரவில்லையே என்று மருந்தைக் கொட்டிக்கொண்டிருப்பார். கண் திறந்ததா என்று பார்க்காதே, மார்பு எழுந்து தாழ்கிறதா என்று பார் என்பதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அலுப்பாக இருக்கிறது என்று மாணவர்கள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

நலாக்சோனின் வேகம் 30 முதல் 90 நிமிடங்களுக்குள் அடங்கிவிடும். உடலிலிருக்கும் ஓபியாய்டு அதைவிட நீண்ட நேரம் நிற்கக்கூடியதாக இருந்தால், எழுந்து பேசியவரே மறுபடியும் மூச்சடங்கிச் சரியலாம். விழித்தவருக்குக் குளிரும், குமட்டும், எரிச்சல் வரும். தன்னைச் சுற்றிச் சீருடையில் நிற்பவர்களைக் கண்டதும் ஓடிவிடத்தான் தோன்றும். அவரைப் பிடித்து வைப்பது பயிற்சியின் நோக்கமல்ல. பேசி உட்கார வைப்பதுதான் நோக்கம். என்ன நடந்தது என்பதை நிதானமான குரலில் சொல்லி, மறுபடி மயக்கம் வரலாம் என்று எச்சரித்து, ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் இருக்கக் கேட்டுக்கொள்ளத் தெரிந்த இருபது வயது இளைஞர், நாலு ஸ்பிரே அடித்துவிட்டு அதட்டும் அதிகாரியைவிட அதிகப் பயன் தருவார்.

ரேஞ்சர்களின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. அவர்களுக்கு மூச்சு கொடுப்பதில் அத்தனைப் பழக்கம் கிடையாது. கூடவே இன்னொருவர் இருப்பதும் அரிது. முகாம் கூடாரத்திலோ, மலைப்பாதையின் முனையில் நிறுத்திய காரிலோ ஒருவரைக் கண்டெடுக்கும்போது கைபேசிக்குச் சிக்னல் இருக்காது, ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மேலே சொன்ன 30 முதல் 90 நிமிடக் கணக்கு அவர்களுக்குத்தான் கசப்பான உண்மை: ஆம்புலன்ஸ் வந்துசேரும் முன்பே மருந்தின் பிடி தளர்ந்துவிடலாம். நகரத்துக் கடற்கரைக்கு இரண்டு ஸ்பிரே போதுமென்றால் காட்டுப்பாதைக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். பை பொருத்திய முகமூடியும், தனியாளாக நெடுநேரம் மூச்சு கொடுக்கும் பயிற்சியும், வயர்லெஸ்ஸில் இடத்தைத் துல்லியமாகச் சொல்லும் பழக்கமும் வேண்டும். உயிர்காப்பாளருக்கு எழுதிய பாடத்தை அப்படியே ரேஞ்சருக்கும் நடத்திவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வது வெறும் சம்பிரதாயம்.

எதிர்ப்புகளில் ஒன்றை மட்டும் நான் முழு மனதோடு ஏற்கிறேன். மணலில் ஒருவருக்காக மண்டியிடும் உயிர்காப்பாளர் அத்தனை நேரமும் நீருக்கு முதுகைக் காட்டுகிறார். கடலில் நூறு பேர் குளித்துக்கொண்டிருக்கும்போது இது சிறிய விஷயமல்ல. யார் நீரைப் பார்ப்பது, யார் ஓடுவது, ஆள் போதாவிட்டால் எந்தப் பகுதியில் குளிப்பதை நிறுத்திக் கொடியை மாற்றுவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்து, அதை ஒத்திகையும் பார்க்காமல் எந்த நிர்வாகமும் ஸ்பிரேயை உயிர்காப்பாளரின் கண்காணிப்புக் கோபுரத்தில் கொண்டுபோய் மாட்டக் கூடாது.

மற்ற எதிர்ப்புகளுக்கு நீண்ட பதில் தேவையில்லை. காப்பாற்ற ஆள் இருக்கிறது என்றால் மேலும் பயன்படுத்துவார்கள் என்ற வாதம் பலமுறை எழுப்பப்பட்டது. மாசசூசெட்ஸில் 19 ஊர்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, நலாக்சோனும் பயிற்சியும் பரவிய இடங்களில் ஓவர்டோஸ் மரண விகிதம் குறைவாக இருந்ததைக் காட்டியது. ஃபென்டனில் தூளைத் தொட்டாலே மீட்பவரும் விழுந்துவிடுவார் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. தோலில் தற்செயலாகப் படுவதால் அப்படி நச்சுத்தன்மை ஏற்பட வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று அமெரிக்க நச்சியல் மருத்துவர்களின் அமைப்புகள் 2017-இலேயே கூட்டாக அறிவித்துவிட்டன. கையுறை போட்டுக்கொண்டால் போதும். இந்த அச்சத்தை வகுப்பிலேயே நேருக்கு நேர் பேசித் தீர்க்காவிட்டால், கிடப்பவரை நெருங்கவே தயங்கும் சில நொடிகளில் ஓர் உயிர் போய்விடும். சட்டத்தைப் பொறுத்தவரை, கனடா 2017-இல் இயற்றியதைப் போல, உதவிக்கு அழைப்பவர்மீதும் பாதிக்கப்பட்டவர்மீதும் போதைப்பொருள் வைத்திருந்த வழக்குப் போடாமல் காக்கும் சட்டங்கள் பல இடங்களில் உள்ளன. ஆனால் சம்பளத்துக்குப் பணியில் இருப்பவரையும் அத்தகைய பாதுகாப்புகள் காக்குமா என்பது சட்டத்துக்குச் சட்டம் மாறும். அதை எழுத்தில் உறுதிசெய்து தர வேண்டிய பொறுப்பு நிர்வாகத்துடையது, பதினெட்டு வயது உயிர்காப்பாளருடையது அல்ல.

வயதைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. உயிர்காப்பாளர்களில் பலர் பள்ளியை முடித்தும் முடிக்காத பருவத்தினர். கோடை வேலையாக வருகிறவர்கள். பிலடெல்பியாவில் பூங்காவுக்கு நடுவே அமைந்த மக்ஃபெர்சன் சதுக்க நூலகத்தில் 2017 வாக்கில் நூலகர்களே வெளியே ஓடிப்போய் நலாக்சோன் கொடுத்த செய்தி உலகமெங்கும் பேசப்பட்டது. அந்த நூலகர்கள் எவரும் அந்த வேலைக்கென்று வந்தவர்கள் அல்லர். எல்லா முயற்சியும் செய்தும் பிழைக்காமல் போகிறவர்கள் இருப்பார்கள். அப்படியொரு நாளுக்குப் பிறகு மறுநாள் காலை அதே நாற்காலியில் அந்த இளைஞரை உட்கார வைக்கலாமா, அவரோடு யார் பேசுவது, விடுப்பு எடுத்தால் சம்பளம் உண்டா என்பவையும் பயிற்சித் திட்டத்தின் உள்ளடக்கமாக இருக்க வேண்டும். ஏட்டில் ஒரு தொலைபேசி எண்ணை அச்சடித்துக் கொடுப்பது இதற்கு ஈடாகாது.

அமெரிக்காவில் 2021 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓவர்டோஸால் இறந்தார்கள். 2024-இல் அந்த எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. குறைந்ததற்கு ஒரே காரணம் நலாக்சோன் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அது எளிதாகக் கைக்கு எட்டியது காரணங்களில் ஒன்று என்று பலரும் கருதுகிறார்கள். எண்ணிக்கை குறையும்போதுதான் பயிற்சிக்கான பணத்தில் முதலில் கை வைப்பார்கள் என்பதும் நாம் அறிந்ததே.

ஆகவே கடற்கரைகளையும் பூங்காக்களையும் நிர்வகிப்போரிடம் தங்கள் பத்திரிகை வாயிலாக நான் கேட்டுக்கொள்வது இது. பருவத்தின் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் திரையில் படம் காட்டி முடித்துக்கொள்ளாமல், பருவத்துக்கு நடுவிலும் ஒருமுறை, முன்னறிவிப்பின்றி, மணலிலும் கழிப்பறை வாசலிலும் மலைப்பாதையிலும் ஒத்திகை நடத்துங்கள். அந்த நேரத்துக்கும் ஊதியம் கொடுங்கள். பயிற்சிக்கென்று மருந்தில்லாத ஸ்பிரேக்கள் கிடைக்கின்றன, ஈரக்கையோடு அவற்றைப் பிரிக்கச் சொல்லுங்கள். அசல் ஸ்பிரேயை 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைக்க வேண்டும். சிறிது நேரத்துக்கு வெப்பம் கூடினாலும் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது, உறையவும் விடக் கூடாது. வெயிலில் காயும் கோபுரத்தின் இரும்புப் பெட்டிக்குள்ளும், கண்ணாடி மூடி நிறுத்திய ரோந்து வாகனத்துக்குள்ளும் கோடை நண்பகலில் வெப்பம் அந்த வரம்பை எளிதாகத் தாண்டிவிடும். காலையில் முதலுதவிப் பையைச் சரிபார்த்துக் கையெழுத்திடுபவர் காலாவதித் தேதியோடு இதையும் பார்க்கட்டும். மாலையில் ஸ்பிரேயை நிழலான அறைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியவர் யார் என்று அதே தாளில் பெயர் எழுதியிருக்கட்டும்.

இப்படிக்கு,
முதலுதவிப் பயிற்றுநராகப் பணிபுரியும் தங்கள் வாசகன்